சிஸ்டர், உங்களுக்கு அழுகையே வராதா?

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "அவசரப் பிரிவில் 26 வருஷம், ஐசியுவில் 6 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான்" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். வழக்கமாக சர்க்கரை, மூட்டுவலி, பிரஷர் மாத்திரை என்று கேட்கிற வாசகர்கள், இந்த முறை என் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, மூட்டுவலி ஒரு இதழ் பொறுக்கட்டும்.

"அப்பாவை மாரடைப்போடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். முக்கால் மணி நேரம் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள், போனேன். சற்று முன்னால் அப்பாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த அதே நர்ஸ் இன்னொருவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாகியும் அந்தச் சிரிப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. பழகிப் பழகி உங்களுக்கெல்லாம் மனசு மரத்துவிடுமா? அழுகையே வராதா?"
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

அந்தச் சிரிப்பு உங்கள் கண்ணில் பட்டிருக்கவே கூடாதம்மா. அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. ஆனால் நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

ஒரு நைட் டியூட்டி. நாற்பது வயதைத் தாண்டாத ஒருவரை எங்களால் மீட்க முடியவில்லை. டாக்டர் இறந்த நேரத்தைச் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதவேண்டும். என்னோடு இருந்த சின்னப் பெண் பேனாவைத் தேடினாள். மேஜைக்கு மேலே, அடியில், அவசர மருந்து வண்டியான கிராஷ் கார்ட்டின் டிராயருக்குள், என் பாக்கெட்டில் என்று தேடாத இடமில்லை. பேனா அவள் காதில் சொருகியிருந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. நான் நிறுத்திவிட்டேன், அவளால் முடியவில்லை. சிரித்துக்கொண்டே மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சிரித்த கண்ணா, அழுத கண்ணா என்று நான் கேட்கவில்லை.

உடம்பின் கணக்கு இதில் நிறைய இருக்கிறது. நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்துவது (சிபிஆர்) என்றால், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். இரண்டு நிமிஷத்தில் எப்படிப்பட்ட கையும் தளரும், அதனால் ஆள் மாற்றி ஆள் அழுத்துவோம். மூன்றிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நோயாளிக்கு 1 மில்லிகிராம் அட்ரினலின் ஏற்றுவோம். அந்த நேரத்தில் எங்கள் உடம்பும் தன் பங்குக்கு அதே அட்ரினலினைச் சுரந்துகொண்டிருக்கும். காது பாதி அடைத்துவிடும், எதிரே இருக்கும் நெஞ்சையும் மானிட்டரையும் தவிர வேறெதுவும் தெரியாது. பிறகு ஒரு நொடியில், "போதும், நிறுத்துங்க" என்று ஒரு குரல். கை நின்றுவிடும். உள்ளே ஓடிக்கொண்டிருப்பது நிற்காது. அது கை நடுக்கமாகவும் வரும், வாந்தியாகவும் வரும், காதில் சொருகிய பேனாவுக்கான சிரிப்பாகவும் வரும்.

அடுத்த ஆள் வேறு காத்துக்கொண்டிருப்பார். விரிப்பை மாற்றி, கட்டிலைத் துடைத்து, அதே இடத்தில் கால் உடைந்த ஒருவரைப் படுக்க வைக்கவேண்டும். சற்று முன் அங்கே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. பயத்தோடு எங்கள் முகத்தையே பார்ப்பார். அந்த முகத்தில் உங்கள் அப்பாவைக் காட்ட முடியாது.

நாங்கள் பெயரை விட்டுவிட்டு "ஏழாம் பெட்" என்று பேசுவதும் இப்படி வந்ததுதான். 1960-ல் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர், லண்டன் மருத்துவமனை ஒன்றின் நர்ஸ்களைப் பற்றி எழுதினார். நோயாளியைப் பெயரால் சொல்லாமல் கட்டில் எண்ணாலும் நோயாலும் சொல்வது, ஒரே நர்ஸ் ஒரே நோயாளியோடு நெடுநேரம் இருக்க விடாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது எல்லாமே மனம் கலங்காமலிருக்க அந்த அமைப்பே கட்டிக்கொண்ட வேலி என்றார். வேலி போட்டும் கலக்கம் தீரவில்லை என்பதுதான் அவர் கண்டது. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் நாங்கள் ஏழாம் பெட் என்றுதான் சொல்கிறோம்.

மரத்துப்போவது நிஜமாகவே உண்டா என்றால், உண்டு. எனக்கே ஒரு வருஷம் அப்படி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார் என்று வந்து சொன்னார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" கேஸ் ஷீட்டில் எழுதப்போகிறவள் மாதிரி. சொல்ல வந்தவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு உறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் இதற்கு ஒரு பதிவு இருக்கிறது. ஆளை உறிஞ்சிப்போட்ட களைப்பு, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது, தன்னால் எதுவும் உருப்படியாக நடக்கவில்லை என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்தால் அது 'பர்ன் அவுட்'. அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, சமாளிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்கிறார்கள். எனக்கு அந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. நோயென்றால் நான் மாத்திரை சாப்பிடவேண்டும். வேலையின் விளைவென்றால் டியூட்டி சார்ட் போடுகிறவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். உங்களை உள்ளே விட்டபோது அப்பாவின் முகம் துடைத்திருந்ததா? வாயில் டியூப் இல்லாமல், கண் மூடி, போர்வை நெஞ்சு வரை நேராக இருந்ததா? அது தானாக நடக்காதம்மா. அனேகமாக அந்த நர்ஸின் கைதான். அதைச் செய்துவிட்டுத்தான் அவர் ஸ்டேஷனுக்கு வந்து நின்றிருப்பார்.

"அவசரப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம். மூன்று வாரத்துக்கு முன்னால், நான் சிபிஆர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தாத்தா இறந்துவிட்டார். விலா எலும்பு உடைந்தது கையில் தெரிந்தது. அந்த 'நறுக்' இன்னும் கையிலேயே இருக்கிறது. வீட்டில் ஏதாவது 'பீப்' அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னால் 'பழகிடும்' என்கிறார். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?"
— 23 வயது ஸ்டாஃப் நர்ஸ்

அம்மாடி, முதலில் அந்த விலா எலும்பை முடித்துவிடுவோம். வயதானவர் நெஞ்சை 5 சென்டிமீட்டர் அழுத்தினால் எலும்பு உடையத்தான் செய்யும். ஒழுங்காகச் செய்கிற கைக்குக் கீழேயும் உடையும். உடையுமே என்று பயந்து மேலோட்டமாக அழுத்தியிருந்தால்தான் தப்பு. அவர் இதயம் நின்ற பிறகுதான் உன் கை அவர் மேல் பட்டது. மருத்துவமனைக்குள்ளேயே, எல்லாக் கருவியும் ஆளும் பக்கத்தில் இருக்கும்போது இதயம் நின்றவர்களில்கூட உயிரோடு வீடு திரும்புவது நாலைந்து பேரில் ஒருவர்தான். சினிமாவில் இரண்டு தடவை ஷாக் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார்களே, அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒவ்வொரு சாவும் நம் தோல்வியாகத் தெரியும்.

என்னுடைய 'நறுக்' கத்தரிக்கோல். விபத்தில் வந்தவர்களின் உடையை வெட்டித்தான் எடுப்போம், கழற்ற நேரமிருக்காது. நான் சேர்ந்த புதிதில் ஒரு பையன். அன்றுதான் முதல்முதலாகப் போட்ட சட்டை போலிருக்கிறது, கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. கீழிருந்து காலர் வரை ஒரே இழுப்பில் வெட்டினேன். அவன் பிழைக்கவில்லை. முகம் எனக்கு இப்போது ஞாபகமில்லை. அந்த மடிப்பு ஞாபகமிருக்கிறது. பல மாதம், வீட்டில் யாராவது துணி வெட்டினால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். கத்தரிக்கோல் சத்தத்துக்கு பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

நீ சொல்லிவிட்டாய். அது பாதி வேலை என்றெல்லாம் புகழமாட்டேன், ஆனால் நான் செய்யாததை நீ செய்திருக்கிறாய்.

முதல் சில வாரம் தூக்கம் கெடுவது, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, சத்தத்துக்குத் துள்ளுவது எல்லாம் உடம்பு தன் காவலை இன்னும் இறக்கவில்லை என்பதன் அடையாளம். பெரும்பாலானவர்களுக்குத் தானாகத் தணியும். உனக்கு மூன்று வாரம் ஆகிறது. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, அந்தக் கட்டிலின் பக்கம் போகவே கால் வரவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பார். போரில், விபத்தில் சிக்கியவர்களுக்குத்தான் அதிர்ச்சியின் பாதிப்பு வரும் என்று நினைத்துக்கொள்ளாதே. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட கையேட்டில், வேலையின் பகுதியாகத் திரும்பத் திரும்ப இத்தகைய கொடுமைகளை எதிர்கொள்பவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். இதற்கென்றே பேச்சு வழி சிகிச்சைகள் இருக்கின்றன, பலன் தருகின்றன.

அதுவரை? அன்று உன்னோடு இருந்தவர்களில் ஒருவரைப் பிடி. யார் முதலில் பல்ஸ் பார்த்தது, மருந்து ஏற்ற நரம்பில் லைன் போட்டது யார், நீ எப்போது கை மாற்றினாய் என்று வரிசையாகச் சொல்லிப் பார். நம் ஞாபகம் துண்டு துண்டாக இருக்கும், நடுவில் காணாமல் போன இடத்தில் எல்லாம் மனசு நம் குற்றத்தைப் போட்டு நிரப்பிவைத்திருக்கும். கூட இருந்தவர் "இல்லையே, அப்போ நீ அம்பு பேக் (மூச்சுக் கொடுக்கிற பை) பிடிச்சிட்டிருந்தே" என்று சொன்னால் ஒரு துண்டு சரியான இடத்தில் உட்காரும். இதை வேண்டுபவர்கள் தாங்களாகச் செய்யவேண்டும். எல்லோரையும் வளைத்து ஒரு அறையில் உட்கார வைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வதால் பின்னால் வரும் பாதிப்பு தடுக்கப்படுவதில்லை, சிலருக்கு மோசமாகவும் போகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நிர்வாகங்களுக்கு என்னவோ இந்த ஒருநாள் கூட்டம்தான் பிடிக்கிறது. போட்டோ எடுக்கலாமே.

இன்னொரு சின்ன விஷயம் எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸாக இருந்த ஜோனத்தன் பார்டெல்ஸ் ஆரம்பித்தது. டாக்டர் நேரத்தைச் சொன்னதும், டியூப்பில் கை வைக்குமுன், எல்லோரும் ஒரு நிமிஷம் போல அப்படியே நிற்பார்கள். 'இவர் ஒருவருடைய மனிதராக இருந்தார், நாம் முயன்றோம்' என்ற பொருளில் ஒருவர் இரண்டு வாக்கியம் சொல்வார். அவ்வளவுதான். நான் கடைசி சில வருஷம் எங்கள் ஷிப்டில் இதைச் செய்து பார்த்தேன். முதல் தடவை ஒரு டாக்டர் வாட்சைப் பார்த்தார். மூன்றாவது தடவை அவரே, "சிஸ்டர், நிற்கலையா?" என்றார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூக்கம் வரவில்லை என்று வார்டு அலமாரியிலிருந்து ஒரு மாத்திரைகூட எடுக்காதே. சாவி நம் இடுப்பிலேயே தொங்குவது நம் தொழிலின் பெரிய ஆபத்து. எனக்குத் தெரிந்த இரண்டு நல்ல நர்ஸ்கள் அப்படித்தான் வேலையை இழந்தார்கள்.

அப்புறம் உன் இன்சார்ஜ் சிஸ்டர். அவருக்கும் யாரோ "பழகிடும்" என்றுதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு நாள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, "சிஸ்டர், உங்களுக்கு முதல் கேஸ் ஞாபகம் இருக்கா?" என்று கேள். பெட் நம்பரோடு சொல்வார் பார்.

"என் மனைவி ஐசியு நர்ஸ். சில நாள் டியூட்டி முடிந்து வந்தால் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். கேட்டால் 'ஒண்ணுமில்லை'. குழந்தைக்கு லேசாக ஜுரம் வந்தால் ராத்திரி முழுக்க மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்வது?"
— ஒரு கணவர்

காரை விட்டுவிடுங்கள் தம்பி. கண்ணாடியைத் தட்டாதீர்கள். அந்த இருபது நிமிஷம் அவருக்கு ஐசியுவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அறை.

நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம். அதனால் 'என்ன ஆச்சு' என்ற கேள்விக்கு அவரிடம் பதிலே கிடையாது. "இன்னிக்கு ரொம்ப கஷ்டமா?" என்று கேளுங்கள். தலையை ஆட்டினால் போதும். மேற்கொண்டு கேட்காமல் அன்றைக்குப் பாத்திரமோ குழந்தையோ எதையாவது அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். "பேசாம வேலையை விட்டுடு" என்பதை மட்டும் முதல் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஆறுதல் மாதிரி இருக்கும், கேட்பவருக்கு 'உனக்குத் தெம்பில்லை' என்றுதான் விழும்.

ஜுர விஷயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. உங்களுக்கு ஜுரம் என்றால் நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. அவருக்கு ஜுரம் என்றால், சாதாரண ஜுரம் என்று வந்து மூன்றாம் நாள் வென்டிலேட்டரில் இருந்த ஒரு குழந்தை. நூற்றுக்கணக்கான ஜுரங்கள் வீட்டிலேயே சரியாகின்றன என்பதை ஐசியு பார்ப்பதே இல்லை. என் மகனுக்கு ஆறு வயதில் ஜுரம் வந்தால் நான் நெற்றியைத் தொடமாட்டேன். விரல் நகத்தை அழுத்தி விட்டு, சிவப்பு திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறதா என்று எண்ணுவேன். ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற முறை அது. இன்று அவனுக்கே பிள்ளை இருக்கிறது. இன்னமும் தும்மினால், "இந்தா" என்று விரலை நீட்டிக் கேலி செய்கிறான்.

எப்போது கவலைப்படவேண்டும்? முன்பு பிடித்தது எதுவுமே பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால், குடி அல்லது மாத்திரை புகுந்தால், "நான் இல்லாட்டி என்ன" என்கிற மாதிரிப் பேச்சு ஒரு தடவை வந்தால்கூட. கடைசியாகச் சொன்னதற்கு மறுநாள்வரை காத்திருக்கக்கூடாது. தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

"நைட்டில் ஒருவருக்கு பிரஷர் இறங்கியதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். அந்த நேரத்தில் வேறொருவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் காலையில் இறந்துவிட்டார். விசாரணையில் என் மேல் தவறில்லை என்றுவிட்டார்கள். ஆனால் எனக்குத் தீரவில்லை."
— நர்ஸ், 11 வருட அனுபவம்

விசாரணை அறிக்கை உங்களை விடுவித்திருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும்போது அறிக்கையா பக்கத்தில் வந்து உட்காரப்போகிறது?

டாக்டர் ஆல்பர்ட் வூ என்பவர் 2000-ல் இந்த நிலைக்கு 'இரண்டாவது பாதிப்பாளர்' என்று பெயர் வைத்தார். முதலில் பாதிக்கப்படுவது நோயாளியும் குடும்பமும், அதற்குப் பிறகு சிகிச்சையில் இருந்தவர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு, உயிர் போன வீட்டுக்குப் பக்கத்திலேயே நம்மையும் நிறுத்துகிறதே என்று. ஆனால் அவர் சொன்ன விஷயம் சரி. தவறு நடந்த இடத்தில் இருந்தவரை எல்லோரும் சுற்றிக்கொண்டு போவார்கள், யாரும் வந்து பேசமாட்டார்கள்.

நீங்கள் இரண்டு கையோடு இரண்டு கட்டிலுக்கு நடுவில் நின்றிருந்தீர்கள். சரியானது எது என்று தெரிந்தும், வேலை செய்கிற நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல் போகிற வேதனையைப் பற்றி ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அறவியலாளர் 1984-லேயே நர்ஸ்களை வைத்துத்தான் எழுதினார். அது வேறு, கவனக்குறைவு வேறு. ஒரு தாளில் அந்த இரவை மணி வாரியாக எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு ஹேண்ட் ஓவர் எழுதுகிற மாதிரி, அந்தந்த நிமிஷத்தில் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும். காலையில் தெரியவந்ததை முன்கூட்டியே சேர்க்கக்கூடாது, ஏமாற்றாமல் எழுதுங்கள். எழுதியதை உங்களைவிட மூத்த, உங்களை மதிக்கிற ஒரு நர்ஸிடம் படிக்கக் கொடுங்கள். "இந்த இடத்தில் நானாக இருந்தாலும் ரத்தம் ஏற்றுபவரை விட்டு நகர்ந்திருக்கமாட்டேன்" என்று அவர் சொல்லலாம். "இந்த இடத்தில் கூப்பிட்டிருக்கலாம்" என்றும் சொல்லலாம். இரண்டையும் தாங்கலாம். இப்போது நீங்கள் தாங்கிக்கொண்டிருப்பது அதைவிடக் கனமானது.

"உறவினர்கள் முன்னால் நர்ஸ் அழலாமா?"
— நர்ஸிங் மாணவி, மூன்றாம் ஆண்டு

அழலாம். அவர்கள் எழுந்து வந்து உன்னைத் தேற்றுகிற அளவுக்குப் போகக்கூடாது.

"உயிருக்குப் போராடும்போது குடும்பத்தாரை உள்ளே நிற்க விட்டால் உங்களுக்கு இன்னும் பதற்றமாகாதா?"
— ஒரு வாசகர்

நானும் அப்படி நினைத்து நிறையப் பேரை வெளியே தள்ளியவள். பிரான்ஸில் வீட்டிலேயே இதயம் நின்றுபோனவர்களின் உறவினர்கள் 570 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்டார்கள். 'நீங்கள் பார்க்க விரும்பினால் இருக்கலாம்' என்று கேட்கப்பட்டவர்களுக்கு, மூன்று மாதம் கழித்து அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. மருத்துவக் குழுவின் பதற்றமும் கூடவில்லை. ஆனால் அவர்கள் பக்கத்தில் நின்று நடப்பதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை யார் கொடுப்பது என்பதில்தான் எல்லா நல்ல யோசனையும் நிற்கிறது.

"32 வருஷத்தில் மறக்கவே முடியாத நோயாளி யார்?"
— பலர் கேட்டிருக்கிறீர்கள்

இறந்தவர் ஒருவரைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். இவர் பிழைத்தவர். இருபது நிமிஷத்துக்கு மேல் அழுத்தினோம், அழுத்துகிற முறை எனக்கே நான்கு தடவை வந்தது. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. அவ்வளவு நேரமும் அந்தத் தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்ஸ் வந்தது, ஐசியுவுக்கு அனுப்பினோம், அத்தோடு எங்கள் பங்கு முடிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, "சிஸ்டர், பில் கட்டற இடம் எங்கே?" என்று கேட்டார். அதே தழும்பு. என்னைத் தெரியவில்லை, எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை. "மாடியில, ஏறினதும் இடது பக்கம்" என்றேன். படியேறினார். மேலே போவதற்குள் மூச்சு வாங்குகிறதா என்று நின்று பார்த்தேன். வாங்கவில்லை.